ஃபெயில் போடத் தெரியாத மேடம்

மேடம் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. திட்டியிருந்தால் சிலர் பிழைத்திருப்பார்கள்.

எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும் இரண்டு கையாலும் வாங்குவார். கண்ணை மூடிக்கொண்டு முகர்வார். நகத்தால் தட்டிக் காதோரம் வைத்துக் கேட்பார். பிறகு கொண்டுவந்தவர் முகத்தைப் பார்த்து, சொந்தப் பிள்ளை முதல் மார்க் வாங்கியதுபோல மலர்ந்து, "ரொம்ப நல்லா வந்திருக்கு. இன்னொரு தடவை பண்ணிப் பார்த்துடலாமா?" என்பார்.

அந்த 'லாமா'வில்தான் எல்லாரும் விழுந்தார்கள். கேள்வி மாதிரிதான் இருக்கும், ஆனால் பதில் சொல்ல இடம் இருக்காது. வந்தவர் சிரித்துக்கொண்டே எழுந்து போவார். பஸ் ஏறி, ஊர் போய்ச் சேர்ந்து, கைகால் கழுவும்போதுதான் தான் மறுபடியும் வேலைக்கு அனுப்பப்பட்டிருப்பது உறைக்கும்.

வில்லியனூரைத் தாண்டி பாகூர் போகிற ரோட்டில், ஒரு வாடகை வீட்டில் இருந்தது எங்கள் ஆபீஸ். கிராமத்தில் சும்மா கிடக்கிற பொருளிலிருந்து புதுத்தொழில் உண்டாக்க முடியுமா என்று ஆராய்ச்சி செய்யத் திட்டம் தீட்டுவது, அந்தத் திட்டத்துக்கு டெல்லியில் பணம் கேட்பது, வந்த பணத்தில் ஆராய்ச்சி செய்வது, செய்த ஆராய்ச்சியைக் காட்டி அடுத்த திட்டம் தீட்டுவது. இதுதான் வேலை. மேடம் அதன் தலைவர். நான் இளநிலைக் கள உதவியாளர். அப்போது எனக்கு நாற்பது வயது. என்னை இளையவன் என்று உலகத்தில் ஒப்புக்கொண்டது அந்த வேலை ஆர்டர் ஒன்றுதான். என் தகுதி, சொந்தமாக மோட்டார் பைக் வைத்திருந்தது. நேர்முகத்தில் மேடம் கேட்ட ஒரே கேள்வி, "பின் சீட்டுல மூட்டை நிக்குமா?" என்பதுதான். என் மனைவியை உட்காரவைத்துக்கொண்டு வந்திருந்தேன். நிற்கும் என்று அவளைக் காட்டினேன். அதற்கு அவள் ஒரு வாரம் சோறு போடவில்லை.

வாசலில் போர்டு வைத்தபோது பெயிண்டர் இடத்தைத் தப்பாகக் கணக்குப் போட்டுவிட்டான். 'ஊரகப் புதுத்தொழில்' பொடி எழுத்தில் மேலே ஒடுங்கிக்கொள்ள, கீழே 'சோதனைக் கூடம்' ஆளுயரத்துக்கு நின்றது. மறுவாரமே பஸ் கண்டக்டர்கள் எங்கள் ஸ்டாப்பிங்குக்குப் பெயர் வைத்துவிட்டார்கள். "சோதனலாம் எறங்கு! சோதன இருக்குறவங்கோ எல்லாம் முன்னாடி வா!" என்று விசில் கொடுப்பார்கள். பஸ்ஸே சிரிக்கும். கையில் பையோடு இறங்குகிற ஆளுக்கு மட்டும் சிரிப்பு வராது.

மேடத்தைப் பற்றி ஒரு குறை சொல்ல முடியாது. ஒரு பைசா தொடமாட்டார். ஆபீஸ் காரில் காய்கறிகூட ஏற்றமாட்டார். லஞ்சம் வாங்குகிறவராக இருந்திருந்தால் எங்கள் கொம்யூன் பஞ்சாயத்தில் இன்றைக்கு நாலைந்து பேர் முதலாளி ஆகியிருப்பார்கள். யார் வீட்டு மாடு எத்தனை மாதச் சினை என்று தெரிந்து வைத்திருப்பார். எனக்கு டெங்கு வந்தபோது பப்பாளி இலையை அவரே அரைத்துக்கொண்டு வந்து, மூக்கைப் பிடித்துக் குடிக்கவைத்தார். மறுநாள் மறுபடி கொண்டுவந்தார். நேற்று அரைத்ததைவிட இன்றைக்குக் கொஞ்சம் நைஸாக அரைத்திருப்பதாகவும், வித்தியாசம் தெரிகிறதா என்றும் கேட்டார்.

ஒரு விதி மட்டும் உண்டு. ஒரு பொருள் தயார் என்று மேடம் கையெழுத்துப் போட்டுத் தயார்நிலைச் சான்று கொடுத்துவிட்டால், அது தொழில்துறைக்குப் போய்விடும். ஆராய்ச்சி முடிந்தது, நிதியும் முடிந்தது. தேறாது என்று தோல்வி அறிக்கை கொடுத்தாலும் முடிந்தது. நான் இருந்த காலம் முழுக்க மேடம் இரண்டில் ஒன்றைக்கூடக் கொடுத்ததில்லை. நிதி போய்விடும் என்பதற்காக என்று ஊரில் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிதி போய்விடும் என்பதற்காக அப்படிச் செய்தது நான். மேடத்துக்கு முடிக்க மனசு வராது, அவ்வளவுதான். "கையைப் புடிச்சிட்டிருக்கற கொழந்தைய ரோட்ல விட்டுட முடியுமா?" என்பார். மேடம் கணக்கில் குழந்தைக்கு அறுபது வயது ஆகவேண்டும், ரோட்டில் வண்டி எதுவும் வரக்கூடாது.

சுத்துக்கேணியில் ஒரு பெரியவர் நெல் உமியை அழுத்தி அடுப்புக்கட்டி செய்தார். விறகுக்குப் பதில். நன்றாகவே எரியும். மூன்று வருஷம் மேடம் அவரை இன்னொரு தடவை, இன்னொரு தடவை என்று நடக்கவிட்டார். பெரியவர் ஒருநாள் செத்துப்போனார். அதற்கும் அடுப்புக்கட்டிக்கும் சம்பந்தமில்லை, நெஞ்சுவலி. நானும் மேடமும் மாலை வாங்கிக்கொண்டு போனோம். மேடம் அந்த வீட்டுப் பெண்களோடு தரையில் உட்கார்ந்து, வேஷம் இல்லாமல், தேம்பி அழுதார். அழுதுகொண்டே வெளியே வந்தவர் மாட்டுக்கொட்டகை ஓரம் நின்றுவிட்டார். பெரியவர் எப்போதோ செய்து போட்ட கட்டி ஒன்று மழையிலும் வெயிலிலும் கிடந்திருக்கிறது. குனிந்து எடுத்தார். தட்டிப் பார்த்தார்.

"ஒரு வருஷமா வெளியில கெடந்திருக்கு. ஓரம்கூட உதிரலை பாருங்க!"

கன்னத்தில் கண்ணீர் காயவில்லை. முகம் அப்படியே ஒளி விடுகிறது. மாலை கொண்டுபோன பையில் அந்தக் கட்டியைப் போட்டு வாங்கிக்கொண்டது நான்தான். பெரியவருடைய மருமகன் என்ன அது என்று கேட்டான். பிரசாதம் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன்.

தனத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அவளைச் சொல்லாமல் மேடத்தைச் சொல்ல முடியாது.

தனத்துக்கு ஊர் சோரியாங்குப்பம். கரும்பு வெட்டுகிற வேலை. வெட்டுவதற்கு மிஷின் வந்தபிறகு அவளுக்கு வேலை போய்விட்டது. மிஷின் கரும்பை எடுத்துக்கொண்டு சோகையை மட்டும் நிலத்தில் விட்டுவிட்டுப் போகும். சோகை என்றால் காய்ந்த தோகை. எல்லாரும் அதைக் கொளுத்துவார்கள். தனம் அதை அள்ளிக்கொண்டு வந்து ஊறப்போட்டு, இடித்து, கூழாக்கி, மரவள்ளிக் கஞ்சி கலந்து, ஒரு எவர்சில்வர் டம்ளரின் மேல் அப்பிக் காயவைத்து, நாற்று விடுகிற தொட்டி செய்தாள். நர்சரியில் கறுப்பு பிளாஸ்டிக் கவரில் கன்று வளர்ப்பார்களே, அதற்குப் பதில் இது. கன்றை எடுக்காமல் தொட்டியோடு புதைத்துவிடலாம். மண்ணில் கரைந்துவிடும். யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. புருஷன் விட்டுப் போய்விட்டான், ஒரு பெண் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறது, வீட்டில் இருந்தது டம்ளர்.

அதை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது மேடம் உட்கார்ந்துவிட்டார். "இது பெரிய விஷயம், தனம்" என்றார். அன்று சாயங்காலமே அவள் பெயரும் ஆதார் எண்ணும் பயனாளிப் பட்டியலில் ஏறின. டெல்லிக்கு எழுதிய திட்டத்தில் மேடம் அந்தத் தொட்டியை வர்ணித்திருந்ததைப் படித்து நானே மூக்கைச் சிந்தினேன். நிதி வந்தது. சோதனை ஆரம்பித்தது.

தண்ணீர் ஊற்றினால் எத்தனை நாள் நிற்கிறது, மண்ணில் எத்தனை நாளில் கரைகிறது. நின்றால் ஏன் சீக்கிரம் கரையவில்லை, கரைந்தால் ஏன் இன்னும் நிற்கவில்லை. வெயிலில் ஒரு தடவை, மழையில் ஒரு தடவை, பனியில் ஒரு தடவை. மறுபடி வெயில் வந்துவிடும். நான் மூட்டை மூட்டையாகப் பைக்கில் ஏற்றி வருவேன். தனத்துக்கு மாதிரிக்கு இவ்வளவு என்று ஏதோ சிறு தொகை கிடைக்கும், அதில் குடும்பம் ஓடாது.

ஆனால் அவள் சலித்துக்கொள்ளவில்லை. அதற்குக் காரணம் அந்த போர்டுதான் என்று பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

"சோதனன்னு தானண்ணா எழுதிக்கீது. சாமி சோதிக்கும்போது நடுவுல எழுந்து ஓடுனா வரம் கெடைக்குமா? கடைசி வரிக்கும் நிக்கறவனுக்குத்தான் குடுக்கும்" என்றாள்.

எனக்கு மூட்டை கீழே விழாத குறை. டெல்லிக்காரன் பரிசோதனை என்று நினைத்துக்கொண்டு பணம் அனுப்புகிறான். இவள் அம்மன் சோதிக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு கூழ் இடிக்கிறாள். மேடம் என்ன நினைத்துக்கொண்டிருந்தார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது. இதைத் தனத்துக்கு விளக்கிச் சொல்லியிருக்கலாம். "ஆமாமா, நின்னுடு" என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினேன். மார்ச்சில் என் ஒப்பந்தம் புதுப்பிக்க வேண்டியிருந்தது.

மூன்றாவது வருஷம் தனம் ஒரு காரியம் செய்தாள். மடுகரையில் நர்சரி வைத்திருக்கும் ஒருவரிடம் தானே போய்த் தொட்டியைக் காட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார். பப்பாளிக்கு நன்றாக இருக்கிறது, வாரா வாரம் வேண்டும் என்றார். தனம் பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரை வேலைக்குச் சேர்த்துக்கொண்டாள். அந்த மாதம் அவள் முகத்தைப் பார்த்திருக்கவேண்டும். என்னைக்கூட "சாரு" என்று கூப்பிட்டாள்.

மேடத்திடம் சொன்னபோது கைதட்டினார். உண்மையாகவே கைதட்டினார். பிறகு யோசித்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதம் டைப் அடிக்கச் சொன்னார். நர்சரிக்காரருக்கு. இந்தத் தொட்டி இன்னும் சோதனையில் இருக்கிறது, தயார்நிலைச் சான்று பெறவில்லை, இதில் வளரும் கன்றுகளுக்கு ஏதேனும் நேர்ந்தால் நாங்கள் பொறுப்பல்ல என்று.

"மேடம், அவரு பயந்துடுவாரே."

"நாளைக்கு ஒரு கன்னு பட்டுப்போச்சுன்னா தனம் பேருதானே கெடும்? அந்தப் பொண்ணுக்கு ஒரு கெட்ட பேரு வர நான் விடமாட்டேன்."

கடிதத்தைத் தபாலில் போட்டிருந்தால் நாலு நாள் ஆகியிருக்கும். மழை வந்து நனைந்துகூடப் போயிருக்கும். எனக்கு மடுகரையில் ஒரு சொந்தக்காரர் வீட்டு வளைகாப்பு இருந்தது. போகிற வழிதானே என்று நானே கையில் கொடுத்துவிட்டு, ஏழு வகைச் சாதமும் சாப்பிட்டுவிட்டு வந்தேன். நர்சரிக்காரர் மறுவாரமே பிளாஸ்டிக் கவருக்குத் திரும்பிவிட்டார்.

அதன்பிறகு தனத்துக்குச் சாமி மேல் இருந்த நம்பிக்கை போய்விட்டது. ஆபீஸ் படியேறி வந்து என் மேசைமுன் நின்றாள்.

"அண்ணா, கவர்மெண்ட் திட்டத்துல கம்பெனில டிரெயினிங் குடுத்து வேலைக்கு எடுக்கறாங்கோ. சோப்பு பேக்கிங். பஸ் வூட்டாண்டயே வருது. முப்பத்தஞ்சு முடியறதுக்குள்ள சேரணுமாம். எனுக்கு வர்ற ஜூனோட முடியுது."

ஆதாரில் ஊரில் பாதிப்பேரைப்போல அவளும் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்திருந்தாள். பள்ளிக்கூடத்து வாத்தியார் போட்ட தேதி. அவள் ஆத்தாளுக்கே அது தெரியாது.

"போயேன். யாரு வேணாங்கறா?"

"கம்பூட்டர்ல தட்டிப் பாத்துட்டு, நீ வேற திட்டத்துல கீற, ரெண்டுத்துல இருக்கக் கூடாதுங்கறான். அங்க முடிஞ்சிதுன்னு லெட்டர் கொண்டாங்கறான். எனுக்குப் பாஸும் வாணாம் ஒன்னும் வாணாம். பெயிலுன்னு எழுதிக் குடுங்க. நான் பொயச்சிக்கறேன்."

மேடத்திடம் கூட்டிக்கொண்டு போனேன். மேடம் எழுந்து வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். அந்தக் கை முழுக்க சோகை கிழித்த கோடுகள்.

"உன்னை எப்படிம்மா நான் ஃபெயில் போடுவேன்? நீ ஃபெயிலா? யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல மேடம். நீங்க சொல்லுங்கன்னுதான் கேக்கறேன்."

"பொய் எழுதச் சொல்றியா?"

"அப்ப நெஜத்த எழுதுங்க. பாஸுன்னு எழுதுங்க."

"அதுக்கு இன்னும் கொஞ்சம்தாம்மா இருக்கு. இவ்ளோ தூரம் வந்துட்டு..."

தனம் கையை உருவிக்கொண்டாள். "சாமியே ஒருவாட்டி சோதிச்சிட்டு வுட்டுருது மேடம். நீங்க இன்னா, சாமிக்கு மேலயா?" என்றாள். மேடம் சிரித்துவிட்டார். எவ்வளவு அழகாகப் பேசுகிறாள் பாருங்கள் என்று என்னிடம் சொன்னார்.

வெளியே வந்ததும் தனம் என்னைப் பிடித்துக்கொண்டாள். "கூரியர்காரனாண்ட மேடம் கையெழுத்த நீதான போடற. சீலும் ஒன் டிராயர்லதான் கீது. எனுக்கு ஒன்னு போட்டுக் குடேன்."

"அது தப்பு, தனம்" என்றேன்.

அன்றைக்கு எனக்குத் திடீரென்று வந்த நேர்மையை நினைத்தால் இன்றும் சிரிப்பு வருகிறது. வாழ்க்கையில் அது ஒரே ஒருமுறை வந்தது, அதுவும் அவளுக்கு நேராக. மேடத்தின் கையெழுத்தை நான் போட்ட அழகுக்கு மேடமே போட்டதில்லை. ஆனால் தனம் போய்விட்டால் திட்டம் போய்விடும், திட்டம் போனால் நான்.

அவள் அப்படியே நின்றாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். சும்மா நின்றது தாங்காமல் ஒரு யோசனை சொன்னேன்.

"ஒன்னு பண்ணு. கேவலமா ஒரு தொட்டி செஞ்சி எடுத்தா. கையில எடுத்ததும் பொலபொலன்னு உதிரணும். அவங்க கண்ணால பாத்துட்டா ஃபெயில் போட்டுத்தான ஆவணும்?"

தனம் முகம் மாறியது. "இத்த மொதல்லயே சொல்றதுக்கு இன்னாண்ணா?" என்றாள். எனக்கே என் மூளை மேல் மரியாதை வந்துவிட்டது.

மே மாதம் நடுவில் வந்தாள். இதுவரை நல்லதாகச் செய்து காட்ட எவ்வளவு கஷ்டப்பட்டாளோ அவ்வளவு கஷ்டம் இதற்கும் பட்டிருந்தாள். கஞ்சியைக் குறைத்து, அடுப்புச் சாம்பலை அள்ளிக் கொட்டியிருந்தாள். மேடம் வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கினார். அது பூ விழுகிற சத்தம்கூட இல்லாமல் உள்ளங்கையில் இடிந்து உட்கார்ந்தது. சாம்பல் புடவையெல்லாம்.

"பெயிலுதான மேடம்?" என்றாள் தனம். பரீட்சையில் இவ்வளவு சந்தோஷமாக யாரும் இதைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

மேடம் கண்ணை மூடிக்கொண்டார். கையிலிருந்ததை முகர்ந்தார். விரலால் தேய்த்தார். ஒரு சொட்டுத் தண்ணீர் விடச் சொன்னார். விட்டேன். கரைந்து ஓடியது. மேடம் மெதுவாக நிமிர்ந்தார். பெரியவர் வீட்டு மாட்டுக்கொட்டகையில் பார்த்த அதே முகம்.

"என்ன சேர்த்தே, தனம்?"

"ஒன்னும் இல்ல மேடம். சாம்பலு."

"சாம்பல்!" மேடம் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். "கரையலை கரையலைன்னு மூணு வருஷமா முட்டிக்கிட்டேனே... இது ஃபெயில் இல்லைம்மா. இது கண்டுபிடிப்பு!"

தனம் என்னைப் பார்த்தாள். நான் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன்.

அதற்கப்புறம் அவள் பதினோரு நாள் வந்தாள். தினம் மேடம் காபி கொடுத்து உட்காரவைத்து, சாம்பல் எந்த அடுப்பு, என்ன விறகு, எத்தனை பிடி என்று கேட்டு எழுதிக்கொண்டார். தினம் தனம் லெட்டர் கேட்டாள். ஒருநாள் காபி டம்ளரைத் தரையில் ஓங்கி வைத்தாள், தெறித்துவிட்டது. மேடம் பதறிக்கொண்டு ஓடிவந்து சுட்டுவிட்டதா என்று அவள் காலைத் தொட்டுப் பார்த்தார். ஜூன் ஒன்றாம் தேதி அவள் வரவில்லை. இரண்டாம் தேதியும் வரவில்லை. கம்பெனி பஸ் அவள் தெருவில் நின்று பக்கத்து வீட்டுப் பெண்கள் இரண்டு பேரையும் ஏற்றிக்கொண்டு போனதாகக் கேள்விப்பட்டேன்.

தெரிந்தேதான் அந்த யோசனையைச் சொன்னாயா என்று என் மனைவி கேட்டாள். இல்லை என்றேன். சோறு போட்டாள், ஆனால் குழம்பை என்னையே ஊற்றிக்கொள்ளச் சொன்னாள்.

ஆகஸ்டில் டெல்லியிலிருந்து ஆர்டர் வந்தது. வேண்டிய வேகத்தில் கரையும் நாற்றுத்தொட்டிகள் பற்றிய ஆராய்ச்சிக்கு மூன்று வருஷம் முழு நிதி. கள உதவியாளருக்கும் மூன்று வருஷம். மேடம் ரொம்ப நேரம் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் அரைக் கிலோ லட்டு வாங்கிவந்தேன். பிறகு போய்த் தனத்தைப் பின் சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வரமாட்டாள் என்று நினைத்தேன். வேறு எங்கே போவாள்?

"மொதல் பேரு உன் பேருதாம்மா" என்று சொல்லிவிட்டு மேடம் ஃபோனில் யாருக்கோ சந்தோஷம் சொல்லப் போய்விட்டார்.

நான் லட்டை நீட்டினேன். தனம் ஒன்றை எடுத்துத் தின்றாள். "ஒனக்கு மூனு வருசமாமே" என்றாள். தலையை ஆட்டினேன். புதிய பயனாளிப் பட்டியலைக் கம்ப்யூட்டரில் திறந்தேன். பெயர். கணவர் பெயர். ஊர். அடுத்த கட்டம், முடிந்த வயது. இரண்டு எண்ணையும் தட்டினேன். விரலில் லட்டு ஒட்டிக்கொண்டிருந்ததில் ஐந்து இரண்டு தடவை விழுந்துவிட்டது.

தனம் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முன்னூத்தி அம்பத்தஞ்சுன்னு அடிச்சிக்கீற" என்றாள். "ஒரு அஞ்ச எடு. முப்பத்தஞ்சுதான்."

எடுத்தேன்.